செங்கீரையுஞ் சிவப்புக் கோடும்

பாடசாலை ஆசிரியர்கள் நாடோறும் ஒப்பமிடும் வரவுப் பதிவேட்டினைப் பிறர் கண்டிருத்தல் அரிது. வருவோர் வந்த வரன்முறையே பெயரும் நேரமும் எழுதி ஒப்பமிடுவர். காலை 7.30 மணிக்கு மணியடித்ததும், அதிபரேனும் அவர்க்கடுத்த பொறுப்பிலுள்ளவரேனும் கடைசி ஒப்பத்தின் கீழே சிவப்பு மையினாற் கோடொன்று கிழிப்பர். கோட்டிற்கு மேலே உள்ளார் நேரத்தில் வந்தோர். கீழே உள்ளார் பிந்தினோர். முப்பதாண்டாக அக்கோட்டினை நான் பார்த்து வருகின்றேன். சில காலமாக அதனைக் கிழிக்கும் பொறுப்பும் என்னைச் சார்ந்துள்ளது. நான் கண்ட வரையில், கோட்டின்கீழ் அடிக்கடி வரும் பெயர்கள் சோம்பேறிகளுடையன அல்ல. ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளை வீட்டில் விட்டுவரும் தாய்மாருடையனவே.

தாய்மையின் சிறப்பினைப் பாடியும் பேசியும் எழுதியும் நம்மவர் சலித்ததில்லை. பட்டிமண்டபங்களிலும் பரிசளிப்பு விழாக்களிலும் அப்பொருள் பெறுகின்ற கைதட்டல் வேறெதற்குங் கிடைப்பதன்று. ஆயின் காலை நான்கு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையே அத்தாய் யாது செய்கின்றாள் என்பதனை விரித்துரைப்பார் மிகச் சிலர். அதனை அறிந்தவர்க்கு எழுத நேரமில்லாமை ஒரு காரணமாகலாம். எனக்கு இப்பொழுது நேரமிருக்கின்றது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர்.

என் மூத்த மகள் 1997 ஆம் ஆண்டு தையிற் பிறந்தாள். இடப்பெயர்வு முடிந்து வலிகாமத்திற்கு மீண்டு ஓராண்டுகூட நிறையாத காலம். எங்கள் ஊர்க்கு மின்சாரம் மீளவில்லை. தெற்கே செல்லும் பெருந்தெரு மூடப்பட்டிருந்தமையால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பால்மா யாவும் கப்பலை எதிர்பார்த்திருந்தன. பிரசவ விடுமுறை கழித்து நான் பாடசாலைக்கு மீண்டபோது குழந்தைக்கு நான்கு மாதம். பாடசாலை வீட்டிலிருந்து நான்கு கட்டைத் தொலைவு. பயணம் துவிச்சக்கர வண்டியில்.

நாலு மணிக்கு எழுவேன். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திற் பன்னாடையும் பொச்சும் வைத்து அடுப்பு மூட்டி, மாக்குழைத்து நீற்றுப்பெட்டியிற் புட்டவித்து, தேங்காய் திருவிச் சம்பல் இடிப்பதற்குள் ஏணையினுள் அசைவு தொடங்கிவிடும். ஒருகாற் பாலூட்டி உறங்கவைத்து, மீண்டும் அடுப்படிக்குச் சென்றால் அடுப்பு அவிந்திருக்கும். அடுப்பினை ஊதி மூட்டினாற் குழந்தை விழித்திருக்கும். இவ்விரண்டினுள் ஒன்றேனும் மற்றதற்கு இரங்கியதாக எனக்கு நினைவில்லை. என் கணவரும் ஆசிரியரே. அவர் நல்லவர். கிணற்றடியிற் பிள்ளைச்சீலை அலம்பித் தருவார். ஆனால் விடியுமுன் அலம்புவார். விடிந்தபின் அலம்பினால் அயலார் காண்பரன்றோ! இதனைக் குறையாகச் சொல்லவில்லை. இருளிலேனும் அலம்பிய ஆண்கள் எங்களூரில் அக்காலத்து எத்துணைபேர் என்பதை அவ்வூர்க் கிணறுகளே அறியும்.

நிற்க. வீட்டிலிருந்து ஆறரை மணிக்குப் புறப்பட்டால் ஏழு மணிக்குள் பாடசாலை சேரலாம் என்பது கணக்கு. கணக்கிற் சேராதது வழியிலிருந்த சோதனைச் சாவடி. அங்கே வண்டியை விட்டிறங்கி உருட்டிச்செல்லல் வேண்டும், பெண்களுக்குத் தனிவரிசை, கைப்பையைத் திறந்து காட்டுதல் வேண்டும். ஒருநாள் வரிசை ஐந்து நிமிடம்; மற்றொருநாள் நாற்பது நிமிடம். குழந்தை அழுததனாற் பத்து நிமிடம் பிந்திப் புறப்பட்ட நாளில் வரிசையும் நீண்டிருப்பது எங்ஙனம் என்பதற்கு எந்த நூலிலும் விடை கண்டிலேன்.

குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அயல்வீட்டு ஆச்சி. உறவுமுறை யாதுமில்லை, வேலிக்கு அப்பாலிருந்தவர், அவ்வளவே. என் தாயார் நோயாளி. மாமியார் வன்னியில் அகப்பட்டிருந்தார். ஆச்சிக்கு அப்பொழுது அறுபத்தைந்து வயதிருக்கும். எழுத வாசிக்கத் தெரியாதவர். நான் முதல்நாள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “உதென்ன பிள்ளை கேள்வி? நீ போட்டு வா. நாலு பிள்ளை வளர்த்தனான், இந்தக் குஞ்சை வளர்க்கமாட்டனே?” என்றார். மாத முடிவிற் சிறு தொகை கொடுத்தேன். அதனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அதிற் பாதிக்குக் குழந்தைக்கே ஏதேனும் வாங்கிவிடுவார்.

இனிச் சொல்வதனைச் சொல்வதற்குக் கூச்சமுண்டு. ஆயினும் வயது ஐம்பதைக் கடந்தவள் சொல்லாவிடின் வேறு யார் சொல்வது? மூன்றாம் பாடவேளை தொடங்கும்போது, அதாவது காலை ஒன்பது மணியளவில், பால் கட்டத் தொடங்கும். பத்து மணிக்கு நோவு தோள்வரை ஏறும். வகுப்பிலே எங்கோ ஒரு குழந்தை அழும் ஒலி தெருவிலிருந்து கேட்டாற் போதும்; சேலை நனைந்துவிடும். பாடநூலை மார்போடு அணைத்துப் பிடித்தபடி கற்பித்த நாள்கள் பல. அந்த ஆசிரியை நூலை எவ்வளவு பத்திபூர்வமாகப் பிடிக்கின்றாள் என மாணவர் எண்ணியிருப்பர். ஓய்வறையின் அலுமாரிக்குப் பின்னே நின்று பாலைப் பீச்சி வடிகானில் ஊற்றுவேன். குளிர்ப்பெட்டி கனவிலுமில்லாத காலத்தில் வேறென் செய்வது? வீட்டிலே குழந்தைக்கு ஆச்சி சூப்பியிற் கரைத்த மாப்பால் பருக்கிக்கொண்டிருப்பார். பால்மா கிடையாத கிழமையில் நான் வடிகானில் ஊற்றிய அந்தப் பாலை இன்று நினைப்பினும் கண் கலங்கும்.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் உயர்தர வகுப்பிற்குப் பிள்ளைத்தமிழ் கற்பித்தேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என முதல் ஏழு பருவங்கள் இருபாற்கும் பொது. இறுதி மூன்றே ஆண்பாற்கும் பெண்பாற்கும் வேறுபடும். செங்கீரையாவது, குழந்தை ஒருகாலை மடக்கி ஒருகாலை நீட்டி, இருகைகளையும் நிலத்திலூன்றித் தலைநிமிர்ந்து முகமசைத்து ஆடுதல். பாட்டியல் நூலார் அதற்கு ஐந்தாந் திங்களை வகுப்பர். அன்று நான் அதனை விளக்கிய சிறப்பினை என் மாணவர் சிலர் இன்றும் நினைவுகூர்வதுண்டு. கரும்பலகையிற் படமும் வரைந்தேன்! குமரகுருபரர் மீனாட்சியம்மையை எங்ஙனம் ஆடக் கண்டாரென்று அரைமணி நேரம் பேசினேன்.

மாலை வீடு மீண்டபோது ஆச்சி குழந்தையைப் பாயில் விட்டு அருகே குந்தியிருந்தார். நான் கைகால் கழுவி வந்து அமர்ந்ததும், கிலுகிலுப்பையை எடுத்துச் சற்றுத் தொலைவிலே ஆட்டினார். குழந்தை குப்புறப் புரண்டு, கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து ஆடினாள். நான் கூவிவிட்டேன். ஆச்சியும், “அட, பாரன் பிள்ளை! இண்டைக்குத்தான் எழும்புறாள். தாய் வருமட்டும் பாத்துக்கொண்டிருந்தவள் போல” என்று வியந்தார். காலையிற் கற்பித்ததை மாலையிற் கண்டேன் என்னும் பெருமிதத்தோடு அன்றிரவு உறங்கினேன்.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 2011 இல் ஆச்சி நோயுற்றுப் படுக்கையிலிருந்தபோது, மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கச் சென்றேன். பழங்கதை பேசுகையில் இதனை நான் எடுத்தேன். ஆச்சி பொக்கை வாயாற் சிரித்தார். “அவள் அதுக்கு நாலு நாளைக்கு முன்னமே எழும்பிட்டாள் மோனை. உனக்குச் சொன்னா மனம் நோகுமெண்டு சொல்லேல்லை. பின்னேரம் நீ வந்து இருந்தாப்போலதான் கிலுக்கிக் காட்டினனான். மூண்டு நாளும் உனக்கு முன்னால மாட்டனெண்டு கிடந்தாள்” என்றார். நடந்ததும் அவ்வாறே என்றார். முதலடி வைத்ததும் பகலிலேயாம். முதற் பல்லைக் கண்டவரும் அவரே. பல்லுக்கொழுக்கட்டை அவிப்பதற்கு மா இருக்கின்றதா என்று மட்டும் என்னிடம் கேட்டார். பல்லை நானே கண்டுபிடிப்பதற்கு ஒருநாள் விட்டுவைத்தார்.

பண்டிதப் பட்டம் பெற்ற எனக்குத் தோன்றாத நாகரிகம் கையெழுத்திடத் தெரியாத அம்மூதாட்டிக்கு எங்கிருந்து வந்தது?

பாட்டியல் நூலார் வகுத்த மாதக் கணக்கினைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதிற் சப்பாணி என ஒற்றைப்பட அடுக்கிச் செல்கின்றனர். என் மகளோ ஆறாந் திங்களின் இறுதியிலேதான் செங்கீரை ஆடினாள். மருத்துவமாது தந்த பதிவேட்டின்படி அதுவும் நேரத்திற்கு முந்தியதே. இலக்கணஞ் செய்தார் ஆடவர். பாடினோருள்ளும் குமரகுருபரர் போன்றார் துறவியர். தாயின் கூற்றாக அவர்கள் பாடிய இனிமையிற் குறைகாண நான் துணியேன். ஆயினும் பிள்ளைத்தமிழ்த் தாய்க்கு ஏழரை மணியில்லை என்பது மெய். அம்புலியை அழைத்துப் பத்துப் பாட்டுப் பாடும் அவகாசம் அவளுக்குண்டு. நான் இரவிலே குழந்தையை முற்றத்திற்குக் கொணர்ந்து நிலவைக் காட்டிய நாள்களில், நாளைய பாடக்குறிப்பு மனத்துள் ஓடிக்கொண்டிருந்தது.

வேலைசெய்யும் தாயைத் தமிழிலக்கியத்தில் யாண்டுக் காண்பது? பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கும் ஆய்மகள் உளள். நெய் விலைக்குப் பொன் கொள்ளாது எருமை கொள்ளும் கெட்டிக்காரி. புறநானூற்றிலே சிறு விளக்கொளியிற் பஞ்சோடு பாடுபடும் பருத்திப் பெண்டு உளள். எனினும் என் உள்ளத்தைப் பற்றியவள் செவிலி. அகத்திணையிலே நற்றாய் பெறுகின்றாள், வளர்ப்பவள் செவிலி. தலைவி உடன்போக்கிற் சென்றபின் சுரத்திடைத் தேடிச்செல்பவளும் அவளே. தோழியாவாள் அச்செவிலியின் மகளே என்பது தொல்காப்பியர் கூற்று. இதனை எத்துணையோ முறை பரீட்சைக்காகக் கற்பித்திருக்கின்றேன். கைக்குழந்தையோடு கற்பித்தபோதுதான் ஒன்று தைத்தது: செவிலிக்கும் சொந்தமாக ஒரு கைக்குழந்தை இருந்திருக்கின்றது. பிறர் மகளைத் தோளிலிட்டு அவள் உறக்கியபோது, தன் மகள் எங்கே கிடந்தாள்? உரையாசிரியர்கள் இதுபற்றி ஒன்றும் எழுதினாரல்லர். நம் இலக்கியத்தின் முதல் உத்தியோகத் தாய் அவளே என்பது என் துணிபு. மறுப்பார் மறுக்குக.

இளையவன் 2000 ஆம் ஆண்டு பிறந்தான். அவன் கைக்குழந்தையாயிருந்த காலத்தில் நான் பிராசீன கல்லூரி ஒன்றிற் பண்டித வகுப்பிற்குச் சென்றுகொண்டிருந்தேன். இரவு எல்லோரும் உறங்கியபின் படிப்பு. ஏணைக் கயிற்றினைக் காற்பெருவிரலிற் கட்டிக்கொண்டு, கையிற் சேனாவரையர் உரையை வைத்து, வாய்விட்டு வாசிப்பேன். வாசிப்பு நின்றாற் பிள்ளை விழிப்பான். ஆதலின் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே இளைப்பாறல் இயலாது. சொல்லதிகாரத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த அவன், பிற்காலத்தில் இலக்கணத்தை அறவே வெறுத்துக் கணிதம் படித்தான். அவனைக் குற்றஞ் சொல்ல என்னால் இயலவில்லை.

கண்டி வீதி திறந்தபின், 2003 ஆம் ஆண்டில் ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றிற்காக ஹற்றன் சென்றிருந்தேன். மூன்றுநாள் பிள்ளைகளைப் பிரிந்த முதல் முறை அது. அங்கே தோட்டத்து ஆசிரியை ஒருவரின் விருந்தினளாகத் தங்கினேன். விடியற்காலைப் பனியிலே தாய்மார், ஒருகையிற் கூடையும் மறுகையிற் கம்பளியாற் சுற்றிய பிள்ளையுமாக லயங்களிலிருந்து இறங்கி வருவதைக் கண்டேன். பிள்ளை மடுவத்தின் வாயிலில் ஆயா நிற்பாள். அழும் பிள்ளையை அவள் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடப்பர். திரும்பிப் பார்த்தாற் பெரட்டுக்குப் பிந்திவிடும். கொழுந்து நிறுக்கும் இடைவேளையில் மலையிறங்கி ஓடிவந்து, நின்ற நிலையிற் பாலூட்டி, மீண்டும் மலையேறுவர். விதித்த இறாத்தல் நிறையாவிடின் அன்று ‘அரைப் பேர்’. அதாவது அரைநாட் கூலி. கங்குல் நீங்கும் நேரத்தில் அம்மேட்டில் நின்று, ‘எமக்குச் சிவப்புக் கோடு, இவர்களுக்கு அரைப் பேர்’ என எண்ணினேன். மறுகணமே அவ்வொப்புமைக்கு வெட்கினேன். கோட்டின்கீழ் ஒப்பமிட்ட நாளிலும் எனக்குச் சம்பளம் குறைந்ததில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் நான் நின்றதுமில்லை. ஆயினும் ஒன்று அவர்களிடமிருந்தது, எங்களிடம் இல்லை: குழந்தையை விடுவதற்கென்று வேலைத்தலத்திற்கு அண்மையிலேயே ஓரிடம். அதன் கூரையும் சுவரும் எவ்வாறிருந்தன என்பது வேறு கதை. பாலூட்ட ஓடிவரத்தக்க தொலைவில் ஓரிடம் இருந்தது.

சட்டம் ஒன்றுஞ் செய்யவில்லை என்று சொல்வது நன்றியன்று. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் வந்துவிட்டது. அரசாங்க ஊழியர்க்கு 2005 ஆம் ஆண்டின் சுற்றறிக்கை முழுச் சம்பளத்தோடு 84 நாளும், அரைச் சம்பளத்தோடு 84 நாளும், சம்பளமின்றி 84 நாளும் விடுமுறை வகுத்தது. தனியார்துறையில் மூன்றாம் பிள்ளைக்கு 42 நாளே என்றிருந்த வேறுபாடு 2018 இல் நீக்கப்பட்டது. இவையெல்லாம் நல்லன. ஆனால் வங்கிக்கடன் கழிந்தபின் கையில் வருவதே பாதிச் சம்பளமாயிருக்கும் இளம் ஆசிரியைக்கு, அரைச் சம்பள விடுமுறை ஏட்டுச் சுரைக்காயே. என் பாடசாலையில் அதனை முழுமையாக எடுத்தவர் இருவரையே நான் கண்டுள்ளேன்.

இன்று யாழ்ப்பாணத்தில் ஆச்சிமார் அருகிவிட்டனர். இறந்தார் போக, எஞ்சியோரிற் பலர் கனடாவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். செவிலியை ஏற்றுமதி செய்யும் ஊராயிற்று நம்மூர். வேலிகள் மதிலாயின, மதிலுக்கு மேலால் “பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ” என்று கேட்பதற்குக் கழுத்து எட்டுவதில்லை. பகற்பராமரிப்பு நிலையங்கள் சில தோன்றியுள்ளன. நகரத்தில் உண்டு, கிராமத்து ஆசிரியைக்கு அது எதிர்த்திசை.

2022 ஆம் ஆண்டினை ஒருவரும் மறந்திரார். பங்குனி முடிவிற் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. எரிவாயு இல்லை, எரிபொருள் இல்லை, பால்மா இல்லை. 1997 இல் நான் கண்டவற்றை இளையோர் தம் முறைக்குக் கண்டனர். சித்திரைக் கடைசியில் ஒருநாள், எங்கள் இளம் ஆசிரியை ஒருவர் மோட்டார் வண்டிக்கு எண்ணெயின்றி ஆறு கட்டைத் தூரம் துவிச்சக்கர வண்டியில் வந்தார். இரண்டு வயதுப் பிள்ளையை முன்னிருக்கையில் ஏற்றிவந்தார். பார்த்துக்கொள்பவர் அன்று வரவில்லையாம். அப்பொழுது மணி 7.36. அதிபர் விடுமுறையில் இருந்தார். கோடு என்னாற் கிழிக்கப்பட்டு ஆறு நிமிடமாயிற்று.

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே, ஒன்றும் பேசாமற் கோட்டின்கீழ் ஒப்பமிட்டார். காரணஞ் சொல்லவுமில்லை; நானும் கேட்கவில்லை. நான் ஆறு நிமிடம் பொறுத்திருக்கலாம். பொறுத்திருந்தால், இருபத்தைந்தாண்டின்முன் எனக்காக ஒருவரும் பொறுக்கவில்லையே என்னும் ஒரு சிறு கசப்பு உள்ளே கிடந்து முணுமுணுத்திருக்கும். அக்கசப்பே அன்று பேனாவைப் பிடித்ததோ என்று பின்னர் என்னை நானே வினவியதுண்டு. “முதலாம் பாடத்துக்கு நான் போறன், ரீச்சர். நீங்கள் பிள்ளைக்கு ஏதும் குடுங்கோ” என்று மட்டும் சொல்லி அவருடைய வகுப்பிற்குச் சென்றேன். அடுத்த கிழமை அதிபரோடு பேசி, பழைய களஞ்சிய அறையொன்றைக் கூட்டிப் பாய் விரித்து, பிள்ளைகளை விடுவதற்கென ஒதுக்கினோம். சத்துணவு சமைக்கவரும் தாய்மாரில் ஒருவர் பார்த்துக்கொண்டார். எரிபொருள் மீண்டதும் அவ்வறை மறுபடி உடைந்த கதிரைகளால் நிரம்பிவிட்டது. அவற்றை இவ்வாண்டு வெளியேற்ற வேண்டும்.

அவ்வாசிரியைக்கு இரண்டாவது குழந்தை பிறந்து, அண்மையிற்றான் கடமைக்கு மீண்டார். குழந்தையை ஒரு பராமரிப்பு நிலையத்தில் விட்டு வருகின்றார். சென்றமாதம் ஒருநாள் இடைவேளையில் என் மேசைக்கு வந்து கைத்தொலைபேசியை நீட்டினார். நிலையத்துப் பெண் எடுத்தனுப்பிய காணொளி. ஒரு நீலப் பாயிலே குழந்தை, கையை ஊன்றி, ஒருகாலை மடக்கி, தலைநிமிர்ந்து, யாரோ ஒருவருடைய குரலுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

“முதல்தரம், ரீச்சர். அம்மாவுக்கும் அனுப்பினனான். அங்கை நடுச்சாமம். அண்ணாவின்ரை பிள்ளையை நித்திரையாக்கிக்கொண்டு இருக்கிறாவாம், உடனேயே பாத்திட்டா” என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுபடியும் அதனை ஓடவிட்டார்.

ஆச்சியின் கதையை அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்தது. அவர் தொலைபேசியைக் கைப்பையுள் இட்டு, சோக்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்பிற்குச் சென்றார்.